மணல் கேட்ட இன்ஜின்

பூங்காவைச் சுற்றி ஓடும் குட்டி ரயிலுக்கு அம்மாதான் டிரைவர். அவளுடைய பத்து வயது மகளுக்கு வீட்டில் துடைப்பம் என்று செல்லப்பெயர். தூசு கண்ணில் பட்டால் போதும், கை துறுதுறுக்கும்.

அன்று காலை தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. ரயில் பெட்டிகள் நிறையக் குழந்தைகள். துடைப்பம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குளத்தைத் தாண்டிய ரயில் மேட்டில் பாதி ஏறியது. அப்புறம் சக்கரம் கிர்ரென்று நின்ற இடத்திலேயே சுற்றியது.

அம்மா உடனே லீவரைக் குறைத்தாள்.

"பயப்படாதீங்க. இரும்பு மேல இரும்பு, ஈரமானா வழுக்கத்தான் செய்யும். கொஞ்சம் மணல் தூவினா பிடிச்சுக்கும்."

காலடியில் இருந்த மிதியை அழுத்தினாள். ஒரு பொட்டு மணல்கூட விழவில்லை. மறுபடி அழுத்தினாள். ஊஹூம்!

"மணல் குழாய் அடைச்சுக்கிச்சு போல," என்றபடி அம்மா பிரேக்கைப் போட்டாள். "இன்ஜினைப் பிரிச்சுப் பாக்கணும். ஒரு வாரத்துக்கு ரயில் கிடையாது, கண்ணுங்களா."

குழந்தைகளின் முகம் தொங்கிப்போயிற்று.

துடைப்பத்துக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. நேற்று இன்ஜினைத் துடைக்கும்போது சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய மணலைப் பார்த்தாள். 'எவ்வளவு குப்பை!' என்று திட்டிக்கொண்டே வழித்துக் கொட்டியவள் அவள்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அம்மா பாவம், இல்லாத அடைப்பைத் தேடி இன்ஜினையே பிரித்துப் போடுவாள்.

"அம்மா, குழாய் நல்லாத்தான் இருக்கு. மணலை நான்தான் குப்பைன்னு கொட்டிட்டேன்."

அம்மா சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மணல் பெட்டி காலி.

"எங்கடி கொட்டினே?"

"டிக்கெட் கொட்டகை மூலையில."

"அப்ப நனைஞ்சிருக்காது. ஓடு! ஈர மணல்னா குழாய்ல இறங்காது."

வாளியோடு ஓடினாள். கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் அக்காவின் நான்கு வயது மகன் அந்த மணலை மலையாகக் குவித்து, உச்சியில் ஓர் இலையையும் நட்டிருந்தான்.

"தம்பி, இந்த மணல் வேணுமே."

"என் மலை! தரமாட்டேன்!" பொடியன் மலைமேல் குப்புறப் படுத்துவிட்டான்.

கேட்காமல் எடுத்துப் பட்டது போதும் என்று துடைப்பம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரயில் மேடு ஏற முடியாம நிக்குதுடா. உன் மலை வந்தாத்தான் ஏறும். நீயும் வா, ஹாரன் அடிக்கலாம்."

அவன் தலையைத் தூக்கினான். "எத்தனை தடவை?"

"மூணு."

"அஞ்சு!"

"சரி, அஞ்சு."

பொடியன் இலையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினான். பிறகு இரண்டு கையாலும் மணலை அள்ளி வாளியில் போட்டான்.

இருவரும் இன்ஜினுக்கு ஓடிவந்து வாளியைக் கவிழ்த்ததும் மணல் பெட்டி நிரம்பியது. அம்மா மிதியை அழுத்தினாள். சக்கரத்துக்கு முன்னால் மணல் பொலபொலவென்று விழுந்தது. லீவரை ஒவ்வொரு படியாகத் தள்ளினாள். சக்கரம் நறநறவென்றது, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டது. ரயில் மெல்ல மேடேறியது. பெட்டிகளில் ஒரே கூச்சல்!

"என் மலை ரயிலைத் தூக்குது!" என்று கத்திய பொடியன், ஐந்து போய் பதினோரு தடவை ஹாரன் அடித்தான்.

சாயங்காலம் துடைப்பம் மணல் பெட்டியின் மூடியில் சாக்பீஸால் எழுதினாள்: 'இது குப்பை இல்லை.'

அம்மா சாக்பீஸை வாங்கி அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'துடைப்பத்துக்குத்தான் சொல்கிறேன்.'

அதற்கப்புறம் துடைப்பம் இன்ஜின் முழுவதையும் பளபளவென்று துடைத்தாள், அந்த மூடியை மட்டும் விட்டுவிட்டு.