விக்டோரியாவின் கொப்பு

தகர டப்பாவின் மூடி ஆடும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. லொடக், லொடக். பெரணிச் செடிகளைப் பறித்துப் போட மதுரையிலிருந்து கொண்டுவந்த டப்பா அது. விக்டோரியா தோளில் மாட்டியிருந்தாள். சத்தம் பாதை வளைவுக்கு அந்தப் பக்கம், ரொம்பப் பக்கத்தில்தான். ஆனால் ஞானசீலன் முன்னால் வெளியே வந்து, காட்டின் விளிம்பில் ஒரு பாறையில் உட்கார்ந்து, காலில் ஒட்டிய அட்டைகளையெல்லாம் உப்புத் தடவி எடுத்து முடித்த பிறகும் அது அங்கேயேதான் இருந்தது.

கணவன் மனைவி இருவருக்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. பேரையூருக்கு மேற்கே சர்க்கார் ரிசர்வ் செய்து வைத்திருக்கும் மழைக்காட்டை ஒருதரமாவது பார்த்துவிட வேண்டுமென்று கல்யாணமான நாளிலிருந்து அவள் நச்சரித்து வந்தாள். காட்டிலாகா துரையிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியிருந்தான். காலையில் வண்டிக்காரன் நல்லகாமன்தான் துணைக்கு வந்தான். எல்லைக்கல் வந்ததும் ஆளுக்கொரு பச்சைக் கொப்பு ஒடித்து அதன்மேல் வைக்கச் சொன்னான். காட்டிடம் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டுமாம். வெளியே வந்த பிறகு அவரவர் கொப்பை அவரவரே எடுத்து வீச வேண்டுமாம். கொப்பு போனால் ஆளும் வெளியேறியதாகக் காட்டுக்குக் கணக்காம்.

இப்போது கல் வெறுமையாக இருந்தது. வண்டி பூட்ட முன்னால் இறங்கிய நல்லகாமன் தன் கொப்பை எடுத்துப் போயிருந்தான். ஞானசீலன் தன்னுடையதை எடுத்தபோது, பின்னால் வருகிறவளுக்கு எதற்குச் சிரமம் என்று அவளுடையதையும் சேர்த்து வீசிவிட்டான். கோயிலில் அவள் காணிக்கையையும் அவன்தான் சேர்த்துப் போடுவான். அதே பழக்கம்.

கீழே பேரையூர்த் தரிசில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. இங்கே மரத்தடியில் இருட்டிவிட்டது. நாள்பட்ட ஈரச் சருகின் மக்கல் வாடை மூக்கை அடைத்தது, பகலெல்லாம் காதைத் துளைத்த பூச்சிகள்கூட வாயடைத்துக் கிடந்தன.

"விக்டோரியா, சீக்கிரம் வா."

"இந்தா வந்துட்டேங்க."

லொடக், லொடக். அவள் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து அவள் குரல் மறுபடி கேட்டது. களைத்த குரல்.

"ஏங்க, இந்த வளைவு முடியவே மாட்டேங்குது."

 அவன் எழுந்து உள்ளே ஓடப் போனபோது கீழிருந்து நல்லகாமன் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"இங்க என்னய்யா பண்ணுறீக? அம்மா வண்டில வந்து ஒக்காந்து எம்புட்டு நேரமாச்சு."

 ஞானசீலன் வளைவைக் கை காட்டினான். லொடக், லொடக். நல்லகாமன் காதைத் தீட்டிக் கேட்டான். பிறகு வெறும் கல்லைப் பார்த்தான்.

"அம்மா கொப்ப யாரு எடுத்தா?"

"நான்தான்."

நல்லகாமன் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப வெளிய வந்தது யாருய்யா?"

சருகு வாடை பின்பக்கமிருந்து வந்தது. இப்போது காட்டிலிருந்து அல்ல, வண்டி நின்ற கீழ்ப்பக்கமிருந்து. ஒரு கை ஞானசீலனின் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரமான கை. விக்டோரியாவின் வளையல், விக்டோரியாவின் நீலச் சேலை முந்தானை. தோளில் டப்பா இல்லை. பாதத்தில் ஒரு அட்டைகூட இல்லை.

"வாங்க, போவோம்" என்றது அவள் குரலிலேயே.

நல்லகாமன் விழுந்தடித்து ஓடும் சத்தம் கேட்டது. ஞானசீலன் கையை உதறினான். பிடி விடவில்லை. கத்தினான். மூச்சுத்தான் வந்தது.

அப்போது வளைவில் அவள் தெரிந்தாள். அவனுடைய விக்டோரியா. தோளில் டப்பா, காலெல்லாம் ரத்தம். அவனுக்கு நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவன்தான் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அடி எடுத்து வைத்தாள். இன்னோர் அடி. ஆனாலும் நின்ற இடத்திலேயே இருந்தாள்.

"ஏங்க, இருக்கீங்களா?"

ஈரமான கை மெதுவாக அவன் வாயைப் பொத்தியது.

லொடக். லொடக்.