டேப்லட்டுக்கு மட்டும் பொட்டு இல்லை

வக்கீல் காஞ்சனா மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தபோது, லோகேஸ்வரி தையல் மெஷினை நிறுத்தினாள். மெஷின் ஓடினால் காது சரியாக வேலை செய்யாது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், லூனாஸ் கடைத்தெருவில் அந்தக் கடையின் ஒரு பாதியில் அவள் ரவிக்கை தைக்கிறாள். மறுபாதியில் பசுபதி பூட்டு ரிப்பேர் செய்து, சாவி வெட்டுகிறார்.

"அண்ணே, ஆபீஸ் பூட்டை இன்னிக்கே மாத்தணும்."

"சாவி ரெண்டுதானே? ஒன்னு உங்ககிட்ட, இன்னொன்னு மணியத்துகிட்ட," என்றார் பசுபதி, அரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதுக்குத்தாண்ணே மாத்தணும்."

லோகேஸ்வரிக்கு அது போதும். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

காஞ்சனா மூச்சுவிடாமல் சொன்ன கதை இதுதான். அவளுடைய கேஸ் குறிப்புகள் எல்லாம் ஒரு டேப்லட்டில் இருக்கின்றன. அவள் முகத்தைக் காட்டினால் திறக்கும். இல்லையென்றால் ஆறு எண் போட வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் அதை மேசைமேல் சார்ஜில் போட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். கெடாவில் வார லீவு வெள்ளியும் சனியும். அது முடிந்து இன்று ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால், 'பலமுறை தவறான எண். பதினைந்து நிமிடம் கழித்து முயலவும்' என்கிறது. அப்போது ஆபீசில் இருந்தது எழுத்து வேலை பார்க்கும் கிராணி மணியம் ஒருவர்தான்.

"நாளைக்கு அந்தப் பெண்டாங் ஊர் வயல் கேஸ்ணே. கேஸ்ல எதிர்த்தரப்பு காளிதாசன் போன வாரம் இவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுத்ததை நானே பார்த்தேன். அதைத் தொட்டீங்களான்னு கேட்டா, தலையைக் குனிஞ்சிட்டு நிக்கிறார்."

"அப்பா காலத்துலேர்ந்து இருக்கறவராச்சே!" என்றாள் லோகேஸ்வரி, வருத்தப்படுவதுபோல.

"பதினெட்டு வருஷம்க்கா. இன்னிக்கே நின்னுக்கச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

பசுபதி எழுந்தார். "பூட்டை மாத்தறதுக்கு முன்னாடி பார்க்கணும்லா."

"கதவுப் பூட்டுக்கு என்னண்ணே?"

"அது நல்லாதான் இருக்கும். நான் பார்க்கணும்னது உங்க டேப்லட்டு பூட்டை."

லோகேஸ்வரியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாதது என்றைக்கும் அவளுக்கு ஒரு தடையாக இருந்ததில்லை. படியேறி முடிப்பதற்குள் பூக்கடை மருதம்மாள், சேலைக்கடை புஷ்பவள்ளி, சாப்பாட்டுக் கடை மோகனா மூவருக்கும் கைப்பேசியில் குரல் செய்தி போய்விட்டது: 'மணியம் அண்ணன் திருடன்லா!'

மேலே, மணியம் தம் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஆயுத பூஜை முடிந்த ஆபீஸ் களையாக இருந்தது. ஸ்டேப்ளர், தொலைபேசி, ரப்பர் ஸ்டாம்பு, ஓடாத பழைய தட்டச்சு மெஷின் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். போட்டோஸ்டேட் மெஷினுக்கு மட்டும் பக்கவாட்டில் ஓரமாக ஒரு சின்னப் பொட்டு.

"அது ஏன் ஒதுங்கி நிக்குது?" என்றார் பசுபதி.

"போன வருஷம் கண்ணாடியிலேயே வச்சிட்டார்ணே. கோர்ட்டுக்குப் போன நாற்பது பக்கத்துலயும் நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு. நீதிபதி சிரிச்சிட்டார். கண்ணாடி உள்ள எதுக்கும் இனிமே பொட்டு கூடாதுன்னு சத்தியமே வாங்கிட்டேன்."

"டேப்லட்டுக்கும் இல்லையே."

"அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒரு வருஷமா 'அந்தச் சிலேட்டு'ன்னுதான் சொல்றார்."

பசுபதி டேப்லட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "தினமும் விரல்லதான் எழுதுறீங்க. இதுல ஒரு ரேகைகூட இல்லையே?"

"திருடன் துடைச்சிருப்பான்!" லோகேஸ்வரி துள்ளினாள்.

"துடைச்சது சரி. எதுக்குத் துடைச்சான்?" அவர் பார்வை ஜன்னல் கம்பிக்குப் போனது. அங்கே ஒரு துண்டுத் துணி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. "லோகா, உன் போனைக் குடு."

கொடுத்தாள். அந்த ஈரத் துணியால் அதன் திரையை மேலும் கீழும் அழுத்தித் தேய்த்தார். எண்பலகை தானே வந்தது. புள்ளிகள் தாமே நிரம்பின. தவறு, தவறு என்று போன் உதறியது. கடைசியில், ஐந்து நிமிடம் கழித்து முயலச் சொன்னது.

"அய்யோ, என் போனு!"

"பார்த்தீங்களா? எண் போட்டது விரல் இல்லை, துணி," என்றார் பசுபதி. "திருட வந்தவன் பிறந்த தேதி, கார் நம்பர்னு யோசிச்சு யோசிச்சுப் போடுவான். ஈரத் துணியோட வரமாட்டான். லோகா, ஒரு ஊசி."

அவள் தோள் துணியில் குத்தியிருந்த ஊசியை வாங்கி, டேப்லட்டின் மேல் விளிம்பில், சின்னக் கேமராவுக்குப் பக்கத்து இடுக்கில் மெல்லக் கீறினார். ஊசி முனையில் காய்ந்த சந்தனம் ஒரு துளி. அதில் குங்குமச் சிவப்பு.

காஞ்சனா மணியத்தைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை பூஜையில இதுக்கும் பொட்டு வச்சிருக்கார்," என்றார் பசுபதி. "அதுவும் நெத்தி நடுவுல. ராத்திரி வீட்டுக்குப் போனப்புறம்தான் சத்தியம் ஞாபகம் வந்திருக்கும். லீவு ரெண்டு நாள்ல சந்தனம் இறுகிடுச்சு. நீங்க வர்றதுக்குள்ள துடைச்சிடலாம்னு இன்னிக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்து தேய்ச்சிருக்கார். சரியா மணியம்?"

மணியம் ஆமென்று தலையசைத்தார். "காளிதாசன் என் பக்கத்து வீட்டுக்காரன்லா. அன்னிக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுத்து, பையன் கல்யாணத்துக்கு அழைச்சான்."

"அண்ணே, காலையில கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே!"

"எடுத்த எடுப்புல 'காளிதாசன் எவ்வளவு குடுத்தான்'னு கேட்டுட்டீங்கம்மா. அதுக்கப்புறம் பொட்டைப் பத்திப் பேச எனக்கு வாய் வரலை."

காஞ்சனா முகம் சிவந்தது. காளிதாசன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டதைக் கீழே கதை சொன்னபோது அவள் விட்டுவிட்டிருந்தாள். "தப்புதாண்ணே. மன்னிச்சிருங்க," என்றாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்குத்தான் இதைக் கண்டாலே ஆகாதே?"

"ஆகாதுதாம்மா. ஆனா உங்க கேஸெல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு. ஓடாத தட்டச்சுக்குப் பொட்டு வச்சிட்டு, சோறு போடறதை விட்டா நல்லாவா இருக்கும்?"

காஞ்சனா சாமி படத்தடியில் இருந்த குங்குமச் சிமிழை எடுத்து அவரிடம் நீட்டினாள். டேப்லட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"முதுகுல வைங்கண்ணே. அங்க கண்ணாடி இல்லை."

மணியம் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, வட்டமாக ஒரு பொட்டு வைத்தார். பசுபதி பூட்டு மாற்றுவதைப் பற்றிக் கேட்கவே இல்லை. சாவிக் கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

லோகேஸ்வரி அவருக்கு முன்னால் இறங்கிவிட்டாள். பூக்கடை, சேலைக்கடை, சாப்பாட்டுக் கடை என்று மூன்று இடத்தில் சொன்னதைத் திரும்ப எடுக்க வேண்டும். போனோ இன்னும் இரண்டு நிமிடத்துக்குத் திறக்காது. இரண்டு நிமிடம் பொறுத்திருக்க அவளால் ஆகுமா? செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தாள். அப்படி ஒன்றும் வருத்தமில்லை. முன்னால் சொன்ன கதையைவிட இது எவ்வளவோ நன்றாக இருந்தது.