சூடு இறங்கிடுச்சு

தரையில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஈரத்துணி கிடந்தது. நாலாக மடித்து, நன்றாகப் பிழிந்து, பிள்ளையின் நெற்றியில் போடுகிற மாதிரி ரோஸி போட்டிருந்தாள்.

"ஐயோ, கரண்ட்டுடி! இன்னா பண்ணி வெச்சிருக்கே?" அருள்தாஸ் பாய்ந்து எடுத்தார். துணி சுட்டது.

"நெருப்பா கொதிக்குதுங்க. தொட்டுப் பாருங்க."

அது மகன் மேக்ஸ்வெல்லின் கம்ப்யூட்டர். போன மழைக்காலத்தில் டெங்கு வந்து அவன் போனதிலிருந்து, கள்ளிக்குப்பத்து வீட்டில் அந்தப் பெட்டியை ரோஸி அணைக்கவே விட்டதில்லை. சமையல் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மேல் கை வைத்துக்கொள்வாள். இளஞ்சூடாக இருக்கும், அவளுக்கு அது போதும். பாழாய்ப்போன இந்தக் கத்திரி வெயிலில்தான் திரையோரத்தில் ஓடுகிற சூட்டின் எண் தொண்ணூறைத் தாண்டி, பெட்டி தானாக அணைய ஆரம்பித்தது. அணையும்போதெல்லாம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகையைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. பெட்டி செத்தால் இவளும் போய்விடுவாள் என்று பயந்தார்.

மொபைல் கடை ஜெகனிடம் ஓடினார்.

"ஒண்ணுமில்ல அண்ணாத்தே. உள்ள புராசஸர் மேல, சூட்ட இழுத்து வெளிய விடற அலுமினிய ஹீட்சிங்க் கீதுல்ல, அது சரியா ஒட்டாம கீது. நடுவுல கீற பேஸ்ட்டு காஞ்சு மண்ணா பூட்டிருக்கும். ஸ்பிரிட்டு போட்டு தொடச்சிட்டு, புதுசு அரிசி அளவு வெச்சு, நாலு மூலையும் எதிரெதிரா அமுக்கு. நடுவுல காத்து நிக்கக் கூடாது, அவ்ளோதான்."

பேஸ்ட் சின்ன ஊசிக்குழாயில் இருந்தது. அதைப் பார்த்ததும் ரோஸியின் முகம் மாறியது.

"ஊசி போட்டா இறங்கிடுமா?"

"இறங்கிடும்மா," என்றார். வேறென்ன சொல்வது?

சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக மங்கிக்கொண்டிருக்க, தூரத்தில் மின்சார ரயில் தடதடத்துப் போக, வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்ட, ஸ்பிரிட் வாசனை ஆஸ்பத்திரி வார்டையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டதுபோல் மூக்கில் ஏற, அவர் பெட்டியைத் திறந்து ஹீட்சிங்கைத் தூக்கினார். நாலு பின்னில் ஒன்று மாட்டவே இல்லை. மேக்ஸ்வெல் தானே பொருத்தியது. காய்ந்த பேஸ்ட்டில் ஒரு விரல் ரேகை பதிந்திருந்தது.

பஞ்சு அந்த ரேகைக்குக் கிட்டே போய் நின்றது. துடைக்காமல் முடியாது. "மன்னிச்சுக்கோடா கண்ணா," என்று அழுதபடியே துடைத்தார்.

புதுப் பேஸ்ட்டை வைத்தார். எதிரெதிர் மூலைகளை அமுக்கினார். நாலும் டக்கென்று உட்கார்ந்தன.

பெட்டியைப் போட்டதும் ஐம்பது. சிறிது நேரத்தில் நாற்பது.

"காய்ச்சல் விட்டுடுச்சு!" ரோஸி சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து! அவருக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. மகன் போன அன்றைக்கும் இதேதான் சொன்னாள். காய்ச்சல் விட்டதென்று ரொட்டி வாங்கிக் கொடுத்துத் தூங்க வைத்தார்கள். தூக்கத்திலேயே உடம்பு சில்லிட்டது. டெங்குவில் சூடு இறங்கிய பிறகுதான் ஆபத்தே என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

முப்பத்தைந்து.

அறையே அதைவிடச் சூடாக இருந்தது. ஹீட்சிங்க் எப்படி அறையைவிடக் குளிரும்? திரையை உற்றுப் பார்த்தார்.

முப்பது. இருபத்தாறு.

பெட்டியின் விசிறி நின்றது. அவர் பிளக்கைப் பிடுங்கினார். திரை அணையவில்லை.

இருபத்திரண்டு.

"வேணாம்டா. இறங்காதடா." ஹீட்சிங்கைப் பிடித்து இழுத்தார். உலோகம் பனிக்கட்டியாக விரலைக் கடித்தது. அசையவில்லை. திருகினார். ஊஹூம். அவரே அமுக்கிப் பொருத்தினது.

பதினெட்டு.

"ஏங்க, தள்ளுங்க. புள்ளைக்குக் குளிருது." ரோஸி கம்பளியை எடுத்து வந்தாள். பெட்டியைத் தலையோடு மூடினாள். பக்கத்தில் படுத்து, கையைப் போட்டு அணைத்துக்கொண்டாள். அவள் தட்டிக்கொடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கம்பளி நீளமாகக் கிடந்தது. அந்தப் பெட்டிக்கு அவ்வளவு நீளம் கிடையாது.

கடைசி முனையில் இரண்டு பாதங்கள் வெளியே தெரிந்தன. நகங்கள் நீலம்.

அந்த முனைக்கு நகர்ந்தார். உட்கார்ந்தார். அந்தப் பாதங்களைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, அழுத்தி, தேய்க்க ஆரம்பித்தார்.