சாட்சி சொன்ன குரல்

கருவேப்பிலங்குறிச்சி பஸ் என்னை விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இறக்கிவிட்டபோது நல்ல வெயில். பல்கலைக்கழகத்தின் பீங்கான் துறை, மூடிப்போன ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கியது. ஒரு காலத்தில் ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும் செய்த இடம். உயரமான கூரை, சின்னச் சின்ன ஜன்னல்கள். வெளியே அப்படிக் கொளுத்தியும், உள்ளே கால் வைத்ததும் ஈர மண் வாசனையோடு ஒரு குளிர்ச்சி முழங்கால் வரை ஏறியது. ஒப்பந்தத்தில் உதவிப் பேராசிரியராக அன்றுதான் சேர்ந்தேன்.

என்னை வரவேற்றவர் அமுதவள்ளி அக்கா. துறையில் மூத்த ஆசிரியை.

"வா கயலு, சாப்ட்டியா? கயல்விழின்னு முழுசா கூப்ட எனக்கு வராது. இங்க எதுன்னாலும் எங்கிட்ட சொல்லு, கூச்சப்படாத."

தன் டப்பாவிலிருந்து பாதிப் புளிச்சோற்றை எடுத்து எனக்கு வைத்தார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அன்றைக்கே அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

கட்டடத்தின் கோடியில் கிளேஸ் ரூம். சுட்டெடுத்த பாத்திரங்களுக்குப் பளபளப்புப் பூச்சு போடும் அறை. மறுநாள் மத்தியானம் அங்கே தனியாக வேலை செய்துகொண்டிருந்தேன். காற்றில் பொடி பறக்கிறதே என்று கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதீங்க."

பெண் குரல். மெல்லிய, கொஞ்சம் கரகரத்த குரல். காதுக்கு வெகு பக்கத்தில்.

மாணவி யாரோ என்று திரும்பினேன். யாரும் இல்லை. பூச்சுக்குக் காத்திருந்த வெள்ளைக் குவளைகள் மட்டும் அலமாரி முழுக்க வாயைத் திறந்துகொண்டு நின்றன.

அக்காவிடம் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "பழைய கட்டடம்டி. காத்து பூந்தா அப்படித்தான் சத்தம் வரும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்கு என்னோடு ஒரு தடவைகூட வரவில்லை.

துறைத்தலைவர் குருமூர்த்தி சார் முதலில் என் புடவையைப் பற்றிப் பேசினார். அப்புறம் போனில் குறுஞ்செய்திகள் வர ஆரம்பித்தன. நான் பதில் போடவில்லை. "ஒப்பந்தம் புதுப்பிக்கறதெல்லாம் எங்கையிலதாம்மா இருக்குது" என்றார் ஒரு நாள், சிரித்துக்கொண்டே. பிறகொரு நாள் நான் கிளேஸ் ரூமில் இருந்தபோது உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"சாத்தாத!"

இந்த முறை கிசுகிசுப்பு இல்லை. அலறல். குவளைகள் கிணுகிணுத்தன. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். ஒரு கணம் திகைத்தார். கத்தியது நான்தான் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, ஒரு கையால் என் வாயைப் பொத்தினார். இன்னொரு கை என் இடுப்பில் இருந்தது.

அவர் தோளுக்கு மேலாக நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.

கதவு மெதுவாகத் திறந்தது. வெளியே நடையில் அமுதவள்ளி அக்கா நின்றுகொண்டிருந்தார். அக்காவின் பார்வை என் முகத்துக்கு வந்தது, சாரின் கைகளுக்குப் போனது. குருமூர்த்தி சார் என்னை விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல அக்காவைக் கடந்து போனார்.

அக்கா என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டார். தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"புகார் எழுதிக் குடுடி. நான் ரெண்டு கண்ணால பாத்தேன். எங்க வந்து வேணாலும் சொல்றேன்."

நான் தயங்கினேன். "வேலை போயிடும்க்கா."

"நான் இருக்கேன்ல?"

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எழுதினேன்.

'அச்சமின்றிப் புகார் அளியுங்கள்' என்று நடையெங்கும் ஒட்டியிருந்தார்கள். அளித்த பிறகு என்ன நடக்கும் என்று எங்கேயும் ஒட்டவில்லை. செய்முறை வகுப்புகளை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். என் மேசையை ஸ்டோர் ரூமுக்கு வெளியே போட்டார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்னைக் கண்டால் போனை எடுத்துப் பேச ஆரம்பித்தார்கள். அக்கா மட்டும் எப்போதாவது வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போவார். அது போதும் என்று இருந்தேன்.

விசாரணை நடந்த பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் இல்லை. குழுவின் தலைவி வேறு துறைப் பேராசிரியை, ஜெயஸ்ரீ மேடம். அவருக்குப் பக்கத்தில் உறுப்பினர்கள். எதிர் வரிசையில் குருமூர்த்தி சார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில் யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. மூடியிருந்த அந்த விசாரணை அறைக்குள் எங்கிருந்தோ ஈர மண் வாசனை வந்தது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க என்ன பாத்தீங்க, சொல்லுங்க."

"நான் அன்னிக்கு அந்தப் பக்கமே போகல மேடம்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"கயல்விழி எங்கிட்ட எதுவும் சொன்னதும் இல்ல. சாரு அப்படிப்பட்டவரு கிடையாது."

மழைச் சத்தம் நின்றுவிட்டது போல இருந்தது. குழாயடியில் என் முகத்தைத் துடைத்த அதே முந்தானையால் அக்கா தன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அந்தக் குரல் பேசியது.

"எனக்கும் இதையேதானக்கா சொன்னீங்க?"

மெல்லிய, கரகரத்த குரல்.

அறையில் எல்லோருக்கும் கேட்டது.

ஜெயஸ்ரீ மேடம் என் பக்கம் திரும்பினார். "கயல்விழி, உங்கள யாரும் பேசச் சொல்லல. சாட்சிய மிரட்டாதீங்க."

"நான் பேசல மேடம்."

யாரும் நம்பவில்லை. நம்பியவர் ஒருவர்தான். அமுதவள்ளி அக்காவின் முகம் வெளிறி, உதடுகள் சத்தமில்லாமல் ஒரு பெயரைச் சொன்னன.

பூர்ணிமா.

புகாருக்கு ஆதாரம் இல்லை என்று முடிவு வந்தது. சாட்சியை மிரட்டினேன் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். என் ஒப்பந்தமும் அத்தோடு முடிந்தது. கடைசி நாளன்று நடையில் அக்காவை மறித்து நின்றேன்.

"ஏங்க்கா?"

"என் பிரமோஷன் அவரு கையில இருக்குது கயலு. ரெண்டு பசங்கள வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"பூர்ணிமா யாரு?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு முன்னாடி உன் வேலையில இருந்த பொண்ணு. அதுவும் அவரு மேல புகார் குடுத்துச்சு. அதுக்கும் நான்தான் சாட்சி."

"செத்துட்டாங்களா?"

"இல்லடி." அக்கா குரலைத் தாழ்த்தினார். "நல்லூர்ல அவங்க வூட்லதான் இருக்குது. உசுரோடதான் இருக்குது. அதான் எனக்குப் பயமா இருக்குது."

மறுநாளே நல்லூருக்குப் போனேன். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வாசலில் மல்லாட்டைக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. பூர்ணிமாவின் அம்மா ராஜாம்பாள் தண்ணீர் கொடுத்தார். உள்ளே ஜன்னலோரம் என் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் பெயரைச் சொன்னதும் தலையை மட்டும் அசைத்தாள்.

"பேசாதுங்க" என்றார் அம்மா. "காலேஜில என்னமோ விசாரணைன்னு போச்சுங்க. போயிட்டு வரேம்மான்னு நல்லாத்தான் சொல்லிட்டுப் போச்சு. திரும்பி வந்ததுலேருந்து ஒரு வார்த்த பேசல. தொண்டையில ஒரு கொறையும் இல்லன்னு பாண்டிச்சேரி டாக்டரும் சொல்லிட்டாரு."

பிறகு, மகள் எப்படிப் பேசுவாள் என்று எனக்குக் காட்ட ஆசைப்பட்டவர் போல, தன் போனில் பழைய வீடியோ ஒன்றைப் போட்டார். காது குத்தும் விசேஷம். கூட்டத்துக்கு நடுவே பூர்ணிமா சிரித்துக்கொண்டே யாரையோ கூப்பிட்டாள்.

மெல்லிய, கரகரத்த குரல்.

என் கையிலிருந்த டம்ளர் நழுவித் தரையில் உருண்டது. பூர்ணிமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க குரல் அங்க இருக்குது" என்றேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "எனக்காகப் பேசுச்சு."

அவள் ஆச்சரியப்படவில்லை. தன் போனை எடுத்து எழுதிக் காட்டினாள். 'தெரியும். அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்.'

கடலூரில் வக்கீல் பார்த்து வழக்குப் போடப்போகிறேன், கூட வருவீர்களா என்று கேட்டேன். அவள் மறுபடியும் எழுதினாள். 'அமுதவள்ளி அக்கா இன்னும் அங்கதான் வேலை செய்றாங்களா?'

ஆமாம் என்றேன்.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வழக்குப் போட்டோம். பூர்ணிமா தனக்கு நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டாள். விஷயம் வெளியே வந்ததும் குருமூர்த்தி சார் நீண்ட விடுப்பில் போனார் என்று கேள்விப்பட்டோம். வழக்கு இன்னும் நடக்கிறது.

போன வாரம் கடலூர் வக்கீல் ஆபீசில் நானும் பூர்ணிமாவும் எதிரெதிரே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தோம். காலை நேரம், வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். என் போன் அடித்தது. அமுதவள்ளி அக்காவின் நம்பர். பூர்ணிமாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தேன்.

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, மெல்லிய, கரகரத்த குரலில்:

"கயலு, நான்தாண்டி. அமுதவள்ளி பேசறேன்."

என் எதிரே பூர்ணிமாவின் உதடுகள் மூடியே இருந்தன.

"வாயத் தொறந்தா பூர்ணிமாதாண்டி பேசறா. எம்பசங்க கிட்ட வரமாட்டேங்குதுங்க, அழுவுதுங்க. என்னை நீயாவது நம்பு கயலு. நான் அமுதவள்ளிதான்..."

பூர்ணிமா கையை நீட்டி, நிதானமாக, அழைப்பைத் துண்டித்தாள்.

போன் திரை அணைந்து கறுப்பானது.

என் காதுக்கு வெகு பக்கத்தில் அந்தக் குரல் மட்டும் நிற்கவில்லை.