கேசட்டில் இன்னொரு மூச்சு

கேசட்டில் நாகஜோதியின் குரல் முடிந்ததும், யாரோ மூச்சு இழுத்தார்கள். சின்ன மூச்சு. மூக்கில் சளி அடைத்ததுபோல ஈரமாக இருந்தது.

நான்கு நாட்களாக அதே கேசட்டைத்தான் கேட்கிறாள். இதற்கு முன் அந்தச் சத்தம் இல்லை.

பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரைப் பகுதியில், அவள் குடியிருந்த காம்பவுண்டின் ஒன்பது வீடுகளில் அவளுடையது தவிர எல்லாம் பகலில் பூட்டிக்கிடக்கும். எட்டரை மணிக்கே எல்லோரும் கம்பெனிக்குப் போய்விட, பின்சுவருக்கு அப்பாலிருந்து தையல் மெஷின்களின் இரைச்சலும், சாக்கடையில் கலந்த சாயத்தண்ணீரின் நெடியும் மட்டும் அறைக்குள் வந்துபோகும். சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் கணவன் ராஜபாண்டி வர இரவு ஒன்பதாகும். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த அவளுடைய அம்மாவும் பத்து நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள்.

பிரசவ ஆபரேஷன் நடந்து மூன்று மாதம். மரத்துப்போக முதுகில் போட்ட ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. வலிக்கிறது என்று அவள் கத்தியதற்கு, "சும்மா படும்மா" என்றார்கள். கத்தி இறங்கியது, கைகள் உள்ளே துழாவியது, எல்லாமே தெரிந்தது. பிள்ளை செத்துப் பிறந்தது. மறுபடி வேலைக்குப் போன முதல் நாளே, பனியனில் பிசிறு வெட்டும் கத்திரிச் சத்தம் கேட்டு மயங்கி விழுந்தாள். கம்பெனியில்தான் கவுன்சிலிங்குக்கு அனுப்பினார்கள்.

கவுன்சிலர் ஞானாம்பாள் அவளைக் கண்ணை மூடிக்கொண்டு நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லி, அதைக் கேசட்டில் பதிந்து கொடுத்தார்.

"தினமும் ஒருக்கா கேளுங்க கண்ணு. பயந்துட்டு பாதியில நிறுத்திப்போடாதீங்க. கேக்கக் கேக்கத்தான் அது பழைய கதையாகும்."

ஐந்தாம் நாள் கேட்டது மூச்சு. ஆறாம் நாள் ஒரு முனகல். ஏழாம் நாள், 'பிள்ளை அழவே இல்லை' என்று அவள் குரல் சொல்லும் இடத்தில், அதன் அடியில், எங்கோ தூரத்தில், ஒரு பிள்ளை அழுதது.

அன்றே கேசட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஞானாம்பாள் இரண்டு தடவை போட்டுக் கேட்டார்.

"உங்க குரல் மட்டுந்தானுங்க இருக்குது."

"நல்லாக் கேளுங்க மேடம். அழுகுது."

ஞானாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கொழந்தையப் பாத்தீங்களா கண்ணு?"

"காட்டல மேடம். துணியில சுத்திக் கொண்டுபோயிட்டாக. அவருதான் பொதைச்சாரு. எந்த எடம்னு கேட்டாக்கூட சொல்ல மாட்டேங்காரு."

"நீங்க இன்னும் அழுது முடிக்கலைங்க. அதுதான் கேக்குது. கேக்கறத நிறுத்தாதீங்க."

மறுநாள் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து டேப்பைப் போட்டாள். அழுகை இப்போது அவள் குரலை விடச் சத்தமாக இருந்தது. பசித்த அழுகை. டேப்பை நிறுத்தக் கை நீண்டது. நிறுத்தவில்லை. மூன்று மாதத்தில் அந்த வீட்டில் அவளைத் தேடி அழுதது அது ஒன்றுதான்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. பின்சுவருக்கு அப்பால் மெஷின்கள் நின்றன. அவள் குரல் இழுத்துக்கொண்டே போய் அறுந்தது.

அழுகை நிற்கவில்லை.

எழுந்து கதவைத் திறந்தாள். முற்றத்தில் வெயில். எட்டுப் பூட்டுகள். கொடியில் ஈரத்துணி அசையாமல் தொங்கியது. யாரும் இல்லை. திரும்பினாள். அழுகை அறைக்குள் இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். எந்தப் பக்கம் போனாலும் அதே தூரத்தில் கேட்டது. அவள் கூடவே வந்தது.

"யாரு?" என்றாள். பிறகு, வேறு குரலில், "எங்கடா இருக்க?"

மார்பு கனத்தது. குனிந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. பால் வற்ற மாத்திரை கொடுத்து, அது நின்று இரண்டு மாதத்துக்கு மேலாகிறது.

சுவரோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகக் கொக்கிகளைக் கழற்றினாள்.

அழுகை நின்றது.

மடியில் பாரம் இறங்கியது. குளிர்ந்த பாரம். ஈர மண்ணின் வாசனை. அங்கே ஒன்றும் இல்லை. அவளுடைய சேலைத் தலைப்பு மட்டும், ஒரு சின்னக் கைப்பிடி அளவுக்குச் சுருங்கி, இறுகி, மெல்ல மெல்லக் கீழே இழுபட்டுக்கொண்டிருந்தது.