பரிசாக வந்த சம்படம்

படியேறி வந்த மீனாள் ஆச்சிக்கு மூச்சு வாங்கியது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது துப்பறிவாளர் குணசேகரனின் அறை. மேசைமேல் இரண்டு எவர்சில்வர் சம்படங்களை வைத்தார் ஆச்சி.

"இதுல மனகோலம், நானே சுட்ட பலகாரம். வெறுங்கையோட வரக்கூடாதில்ல? அந்தச் சம்படத்தப் பாத்தாத்தான் தம்பி எனக்குப் பயமா இருக்கு."

உதவியாளர் சிவரஞ்சனி அதற்குள் மனகோலத்தில் கைவைத்துவிட்டாள். சாப்பாட்டு விஷயத்தில் அவளுக்குத் துப்பறியும் பொறுமை கிடையாது.

ஆச்சியின் செல்போனுக்கு ஏதோ கம்பெனியின் ஆன்லைன் சர்வே வந்ததாம். பதில் சொன்னால் ரீசார்ஜ். தொடர்ந்து சொன்னால் சம்படம் நிறையச் சத்துமாவு. கடைசிவரை சொன்னால் தங்கக் காசு. தனியாக வசிக்கிறீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கெல்லாம் பாவம், உண்மையே சொல்லியிருக்கிறார். மாவைக் கரைத்துக் குடிக்கத் தொடங்கியபின் வந்த கேள்வி, 'தலை சுற்றுகிறதா?'

"சுத்துது தம்பி. ஆனா நான் யார்ட்டயும் வாயத் தொறக்கலையே! அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்ல கூட யாரு இருக்காங்க?"

"அரிமளத்து வீட்ல நான் மட்டுந்தான். கொழுந்தன் மகன் ஆனந்த் மெட்ராஸ்லேர்ந்து வந்து போவான். வீட்டை விக்கப் பங்காளிக எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. உசுரு இருக்கிறவரைக்கும் போடமாட்டேன்னுட்டேன் நான். இன்னைக்கும் அவந்தான் கார்ல கூட்டியாந்தான். மாடியில பேங்க் ஏஜென்ட்டப் பாக்கணும்னு சொல்லிட்டு, சம்படத்தப் பைக்குள்ள வச்சு எடுத்தாந்தேன்."

"மருந்துக் கம்பெனி சார்! ஊரு ஊரா சோதனை பண்றாங்க," என்றாள் சிவரஞ்சனி.

"அரிமளத்துல வேற யாருக்காச்சும் இந்தச் சர்வே வந்துச்சா ஆச்சி?"

"யாருக்கும் இல்லையே."

குணசேகரன் இரண்டு சம்படங்களின் மூடிகளையும் மாற்றிப் போட்டார். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. பிறகு அடிப்பக்கம் பார்த்தார். மனகோலம் இருந்ததில் 'சொ.மீ.' என்று பேர் வெட்டியிருந்தது. மற்றதில் அதே இடம் சுரண்டப்பட்டிருந்தது.

"பேர் வெட்டாம உங்க வீடுகள்ல பாத்திரத்தைப் பொழங்க மாட்டீங்க. புதுப் பாத்திரத்துல சுரண்டுறதுக்கு என்ன இருக்கு? உங்க சம்படம் எப்ப வாங்கினது?"

"எங்க மாமியா ரெண்டு மருமகளுக்கும் சோடியா எடுத்தது. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு..." ஆச்சி சுரண்டிய இடத்தை விரலால் தடவினார்.

"ஆனந்தோட ஆத்தாவுக்கு," என்றார் குணசேகரன். "நிஜக் கம்பெனிக்காரன்னா பிளாஸ்டிக் டப்பாவுல அனுப்பியிருப்பான். பாத்திரம்னா நீங்க ஆசைப்படுவீங்கன்னு தெரிஞ்ச ஆளு இவன். பேரைச் சுரண்டினாப் போதும்னு நெனச்சுட்டான். விஷம் வேலை செய்யுதான்னு பரிசைக் காட்டி உங்ககிட்டயே கேட்டுக்கிறான்."

சிவரஞ்சனி கையிலிருந்த மனகோலத்தைக் கீழே வைத்தாள். குணசேகரன் போலீசுக்குப் பேசி முடித்தபோது ஆச்சியின் செல்போன் ஒலித்தது.

'இந்த மாவை யாரிடமாவது காட்டினீர்களா? பதில் சொன்னால் இன்றே தங்கக் காசு.'

சிவரஞ்சனியை ஜன்னல் பக்கம் போகச் சொல்லிவிட்டு, 'இல்லை' என்று அனுப்பினார் குணசேகரன். தெருவில் காரில் சாய்ந்து நின்றிருந்த ஆனந்த் உடனே தன் செல்போனைப் பார்த்தான்.

"சிரிக்கிறான் சார்," என்றாள் அவள்.

சற்று நேரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. "பெரியாத்தா, வேலை முடிஞ்சுச்சா? போவமா?"

மீனாள் ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுரண்டிய அடிப்பக்கம் தெரியும்படி சம்படத்தை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

"மேல வாப்பா," என்றார். "ஒங்க ஆத்தாவோட சம்படம் இங்கிட்டுத்தான் இருக்கு."