வெளிக்கட்டை

சண்டைக்காலம் அது. முத்துக்கனி எங்க தும்புக் கிட்டங்கிக்கு வேலைக்கு வந்த அன்னைக்கு அவ இடுப்புல மூணு மாசப் பிள்ளை. புருஷன் கொழும்புக்குப் போனவன், அங்க ஜப்பான்காரன் குண்டு போட்டபிறகு சேதி இல்ல. வாசல்ல நின்னு அந்தப் பழைய கட்டடத்தை அண்ணாந்து பாத்தா. சன்னல் எல்லாம் எட்டாத உசரத்துல இருக்கும். உள்ள எப்பவும் அரை இருட்டு, ஊறின பனமட்டை நார்த் தும்பு வாடை.

"பிள்ளைய எங்கனக்கா போட?"ன்னு என்னைத்தான் கேட்டா. வெளிய நின்ன பூவரசு மரத்தைக் காட்டுனேன். அதுல சேலையைத் தொட்டிலாக் கட்டிப் போட்டுட்டு, எனக்குப் பக்கத்துல உக்காந்து தும்பு சீவுனா.

மானேஜர் மந்திரமூர்த்தியை நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியும். அறுபது பொம்பளைக்கு ஒரே ஒரு வெளிக்கட்டை. உள்ளங்கை அகலத்துல ஒரு மரத்துண்டு, கயிறு கோத்து அவன் மேசைக்குப் பின்னால ஆணியில தொங்கும். ஒதுங்கப் போனாலும் பால் குடுக்கப் போனாலும், சோத்துநேரமாவே இருந்தாலும், அவன்கிட்ட கேட்டு, அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் வாசலைத் தாண்டணும். ஒருத்தி தாமசிச்சா அவ வரிசைக்கே அன்னைக்குச் சோத்துநேரம் கிடையாது. பாவி, அவன் எங்களை வைய வேண்டிய அவசியமே இல்ல. நாங்களே ஒருத்தியை ஒருத்தி கடிச்சிக் குதறிக்கிடுவோம்.

முத்துக்கனியால எங்க வரிசை ரெண்டு நாள் பட்டினி கிடந்தது. எல்லாரும் அவளை வஞ்சோம். நானும் வஞ்சேன்.

வைகாசி மாசம் ஒருநாள், உச்சி நேரம். நான் கட்டையை வாங்க எந்திரிச்சேன். முத்துக்கனி தன் பிள்ளையை ஒரு எட்டுப் பாத்துட்டு வரச் சொன்னா, காலையிலேயே ஒரு மாதிரி இருந்துதாம். போய்ப் பாத்தேன். அது அனத்திக்கிட்டுக் கிடந்தது. தொட்டா மேலு கொதிக்கி, உதடு காஞ்சிருக்கு. சொன்னா இவ கட்டை இல்லாமலே ஓடிருவா, நாங்க மறுபடி பட்டினி கிடக்கணும். தொட்டிலை ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு உள்ள வந்துட்டேன்.

"உறங்குதாக்கா?"

"உறங்குதுளா. நல்லா உறங்குது."

அவ சிரிச்சா. என்னை நம்புனா.

கொஞ்ச நேரத்துல அவளுக்குப் பால் கட்டிச் சேலை நனைஞ்சு போச்சு. மானேஜர்கிட்ட போய் நின்னா. அவன் கட்டையை எடுத்து மேசை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டு, தும்புல பால் வடியாம பாத்துக்கோன்னு சொன்னான். அங்கன நின்னு அவ என்னைப் பாத்தா. உறங்குதுன்னு தலையாட்டுனேன். திரும்பி வந்து உக்காந்துட்டா.

சாயந்தரம் மணியடிச்சதும் ஓடுனா. நான் வெளிய போகல. அவ போட்ட சத்தம் உள்ள வரைக்கும் கேட்டது.

குடிக்கப் பிள்ளை இல்லாத பால் மாருல கட்டி, காய்ச்சல் கண்டு, எட்டாம் நாள் அவளும் போய்ச் சேந்தா.

மறுநாள் மத்தியானம் ஆணியில கட்டையைக் காணல. மானேஜர் எங்க மடியை எல்லாம் உதறச் சொல்லித் தேடுனான். தேடிட்டுத் திரும்புனா, கட்டை ஆணியில தொங்குது.

ஈரமா.

தொட்டு மோந்து பாத்தவன் கையை வேட்டியில தொடைச்சான். அதுக்கடுத்த நாள் டிராயர்ல வச்சுப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டான். உச்சி நேரம் ஆச்சு. டிராயருக்குள்ள இருந்து தட்டுற சத்தம்.

மெதுவா. கேட்டுப் பழகாத கை தட்டுற மாதிரி.

தொறந்தான். டிராயர் நிறையப் பால். சூடு கூட ஆறல.

செருப்பைக் கூடப் போடாம ஓடுனவன் திரும்பி வரல. இப்போ வேற கிட்டங்கியில மானேஜரா இருக்கானாம். அங்கயும் ஆணி அடிச்சிருக்கானாம்.

புதுசா வந்தவர் தங்கமானவர். கட்டையை எங்க கண்ணு முன்னால அடுப்புல போட்டார். அதோட எல்லாம் தீந்துதுன்னு மத்தவளுக நிம்மதியா இருந்தாளுக.

எனக்குத் தீரல.

உச்சி நேரமானா பக்கத்துல ஆளில்லாத இடத்துல தும்பு சீவுற சத்தம் கேக்கும். பால் வாடை வரும். காதுக்குள்ள மூச்சு படும்.

"உறங்குதாக்கா?"

பல நாள் குனிஞ்ச தலை நிமிராம தும்பையே சீவுனேன். ஒருநாள் தாங்க முடியாமச் சொல்லிட்டேன். "இல்லளா. அழுதுக்கிட்டுக் கிடக்கு. மேலு கொதிக்கி. நான் பொய் சொன்னேன். நீ போளா, ஓடு."

சீவுற சத்தம் நின்னது. வாசக்கதவு தானாத் தொறந்தது. பூவரசுல ஒரே ஒரு கிளை மட்டும் ஆடுச்சு. பிறகு, ஒரு பிள்ளை சப்பிச் சப்பிப் பால் குடிக்கிற சத்தம். முந்தானையை வாயில திணிச்சிக்கிட்டு அழுதேன். இனி அவ வரமாட்டான்னு நினைச்சேன்.

மறுநாள் அதே நேரம். அதே நம்பிக்கையோட, அதே கேள்வி. அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்ல. தினமும் புதுசாக் கேக்கா. தினமும் சொல்லுதேன், தினமும் ஓடுதா.

போன வாரம் காய்ச்சல்ல ஒருநாள் வேலைக்குப் போகல. மத்தியானத்துல இருந்து சாயந்தரம் மணியடிக்கிற வரைக்கும் பூவரசடியில ஒரு பிள்ளை அழுதுக்கிட்டே கிடந்துதாம். போய்ப் பாத்தா ஒண்ணும் இல்லையாம். எங்க வரிசைச் சங்கரம்மாள் வந்து சொல்லிட்டுப் போனா.

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கிட்டங்கி பூட்டிக் கிடக்கும். வாட்ச்மேன்கிட்ட கதவைத் தொறக்கச் சொல்லி வச்சிருக்கேன், உச்சிக்கு முன்னாலயே நான் அங்கன போயிறணும்.